தீம்பாங் கிராணி வாங்கிய தராசு

பினாங்கு ரோட்டுப் பெரிய கடை ஒன்றின் இரண்டாம் மாடியில் வீட்டுச் சாமான்கள் விற்றுக்கொண்டிருந்த ரோஹானா, எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவள்தான். ஆனாலும் 1986 மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்த பழனியப்பனைப் போல் ஒருவரைப் பார்த்ததில்லை. மனிதர் விலை கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை. குளியலறைத் தராசுகள் என்னென்ன இருக்கின்றனவோ எல்லாவற்றையும் இறக்கித் தரையில் வரிசையாக வைக்கச் சொன்னார். சப்பாத்தைக் கழற்றினார். சில்லறை, சாவிக்கொத்து, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அவள் மேசைமேல் வைத்துவிட்டு முதல் தராசில் ஏறினார்.

அது தொண்ணூற்றொன்று காட்டியது. இறங்கி இரண்டாவதில் ஏறினார், அது தொண்ணூற்றைந்து என்றது. மூன்றாவது முதல் தடவை தொண்ணூற்று மூன்றரை காட்டிவிட்டு, அடுத்த தடவை ஒரு கிலோவை விழுங்கி ஏப்பம் விட்டது. நான்காவது, நடுவில் நின்றால் ஒரு கணக்கு, ஓரத்தில் நின்றால் வேறு கணக்கு. கடைக்கு வந்த நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். பழனியப்பனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஐந்தாவதாக, கீழ்த்தட்டின் மூலையிலிருந்து ரோஹானா தூசி தட்டி எடுத்து வைத்த கரும்பச்சைத் தராசில் ஏறினார். கடிகாரம் போல வட்ட முகமும் நீளமான முள்ளும் வைத்த கனத்த சாமான் அது. தொண்ணூற்று மூன்றரை. மறுபடி ஏறினார், தொண்ணூற்று மூன்றரை. ஓரத்தில் நின்றார், ஒற்றைக்காலிலும் நின்றார். முள் அசைந்து கொடுக்கவில்லை.

ரோஹானா நல்ல மனசுக்காரி. அதை எடுக்காதீர்கள், போன பெருநாளிலிருந்து விற்காமல் கிடக்கிறது, ஏறுகிறவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்குகிறார்கள், நன்றாக ஓடுவது முதலாவதுதான் என்று மலாயில் எடுத்துச் சொன்னாள். எப்படி ஓடாமல் இருக்கும்? ஏறினவுடனே இரண்டரைக் கிலோ இளைக்க வைக்கும் தராசை யார்தான் வேண்டாம் என்பார்கள். பழனியப்பன் பச்சையையே கட்டித் தரச் சொன்னார்.

தொண்ணூற்று மூன்றரைதான் சரி என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வெல்ட் கீ துறைமுகத்துக் கொடவுனில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் அவர் ஏறி இறங்கியிருந்தார். எடை அதிகாரி வந்து முத்திரை போட்டுவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகாத தராசு அது. ஏறிய பிறகு வெயிலில் வெல்ட் கீயிலிருந்து இங்கே வரும்வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை, மூத்திரம் பெய்யவில்லை, பஸ்ஸில் வந்தாரே தவிர நடந்து வேர்க்கவில்லை. தன்னையே முத்திரை குத்திய எடைக்கல்லாக்கி எடுத்து வந்திருந்தார்.

இருபத்திரண்டு வருஷமாக அதுதானே பிழைப்பு. ரப்பர் கட்டும் அரிசி மூட்டையும் கொப்பரையும் அவர் கண்முன் ஏறி இறங்கிய கணக்கு கொஞ்சமா? எடை போடுவதை மலாயில் தீம்பாங் என்பார்கள். கொடவுனில் எல்லாருக்கும் அவர் தீம்பாங் அண்ணே, ஆபீஸ் காகிதத்தில் தீம்பாங் கிராணி, அதாவது எடைக் குமாஸ்தா. நிறுக்கும் முன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். எடை இடித்தால் ஆளைச் சந்தேகப்படும் முன் தராசைச் சந்தேகப்படுவார். எல்லாவற்றையும்விடப் பெரிதாக அவர் பிடித்து வைத்திருந்தது ஒன்று: சரக்குக்காரன் முள்ளைப் படிக்கக் கூடாது. சரக்குக்காரர்கள் எல்லாரும் திருடர்கள் என்று அவர் சொல்லமாட்டார். ஆசை இருக்கிறவன் கண்ணுக்கு முள் அவன் ஆசைப்படும் பக்கம்தான் சாயும் என்பார். பெரிய பெரிய முதலாளிகளைக்கூட, கொஞ்சம் தள்ளி நில்லுங்க தவுக்கே என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

இத்தனை கண்டிப்பான மனிதர் தன் உடம்பை மட்டும் எப்படித் தொண்ணூற்று மூன்றரை வரை விட்டார் என்று கேட்டால், அதற்குப் பதில் ஷேக் அலாவுதீன் கடையில் கறிகளைக் குழைத்து ஊற்றித் தரும் நாசி கண்டார் சோறு. கதை அதுவல்ல.

அழகுக்காக இளைக்கிற வயசும் அவருக்கில்லை, நாற்பத்தாறு ஆகிவிட்டது. அவருடைய தங்கை நவமணிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பாயான் பாருவில் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். போன வருஷம் வரை பிள்ளைகளை ஓடவிட்டுப் பந்து எறிந்துகொண்டிருந்தவள், இப்போது வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கட்டுண்டு கிடந்தாள். நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். அதையும் சின்ன டம்ளரில் அளந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள்.

தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கப் பழனியப்பன் முன்வந்தார். அவர் ரத்தம் பொருந்தியது, மற்ற பரிசோதனைகளும் பொருந்தின. டாக்டர் சந்திரசேகரன் அவரை உட்காரவைத்துச் சொன்னார்: கோலாலம்பூரில் அறுவைச் சிகிச்சைக்கு ஆகஸ்ட் இருபதாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்த உடம்பை மயக்க மருந்து கொடுத்துக் கீறுவது உங்களுக்கே ஆபத்து. அன்று காலையில் அவர்கள் உங்களை நிறுப்பார்கள். எண்பது கிலோவுக்குள் இருந்தால் உள்ளே அழைத்துப்போவார்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நமக்கு மறுபடி எப்போது கிடைக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. பழனியப்பனும் கேட்கவில்லை. கேட்டால் மனசு தளர்ந்துவிடும் என்று பயந்தார்.

சேதி வீட்டுக்கு வந்த அன்று நவமணி, எனக்கு வேண்டாம், இந்த மெஷினே போதும் என்று ஒரு தடவை சொன்னாள். அண்ணனும் அண்ணி வள்ளியம்மாவும் சேர்ந்து அவள் வாயை அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சம்மதித்துவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பச்சைத் தராசுக்கு ஹாலில் சாமி தட்டுக்குக் கீழே, சுவரோரமாக இடம் கிடைத்தது. குளியலறைத் தரை எப்போதும் ஈரமாகவும் சரிவாகவும் இருக்கும், அங்கே வைத்தால் தராசு கோணிக்கொண்டு பேசும். தினமும் காலை ஐந்தரை மணிக்கு, வெறும் வயிற்றோடு, அதே நீலக் கைலியோடு பழனியப்பன் ஏறினார். கொடவுன் மேடையிலேயே தினமும் ஏறலாமே என்று வள்ளியம்மா கேட்டாள். அங்கே ஏறினால் கூலிக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று பந்தயம் கட்டுவார்கள், அதுவும் போக, சாப்பிட்டு நடந்து வேர்த்த உடம்பின் எடை ஒரு எடையா என்று சொல்லிவிட்டார்.

நாசி கண்டார் நின்றது. கோப்பியில் சீனி நின்றது. வேலை முடிந்து பஸ் ஏறாமல் வெல்ட் கீயிலிருந்து கொம்தார் பஸ் நிலையம் வரை நடந்து, அங்கிருந்து மஞ்சள் பஸ் பிடித்து, வீட்டில் ஐந்து மாடியையும் லிப்ட் இல்லாமல் ஏறினார். ஷேக் அலாவுதீன் கடை வாசலைத் தாண்ட முடியாமல் சாலையின் எதிர்ப்பக்கம் நடந்தார். நமக்குள் ஏதும் மனத்தாங்கலா என்று அந்த மனிதர் ஆளே அனுப்பிக் கேட்டார். வள்ளியம்மா பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள். ஆகவே சமையல் நவமணி கையில்தான். பள்ளிக்கூடத்திலிருந்து நீண்ட லீவில் இருந்தாள். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானத்துக்கு டிபன் கேரியரில் அவித்த காய், சாயங்காலம் மறுபடி கூழ்.

ஏப்ரல் பிறக்கும்போது தொண்ணூறு. மே பிறக்கும்போது எண்பத்தேழு. மே நடுவில் எண்பத்தைந்து. கொடவுனில் ஃபோர்க்லிப்ட் ஓட்டும் அய்யாக்கண்ணு, அண்ணே உங்க கால்சட்டைக்குள்ள இன்னொரு ஆளு குடி வரலாம்லா என்று கிண்டல் பண்ணினான். பழனியப்பனுக்கு உள்ளுக்குள் பூரிப்பு.

ஜூன் பிறந்தது. முள் எண்பத்து நாலரைக்கு வந்து, அங்கேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரம் பொறுத்தார். நடையைக் கூட்டினார். அடுத்த வாரம் எண்பத்தைந்து. மூன்றாவது வாரமும் எண்பத்தைந்து. மாதக் கடைசியில் எண்பத்தைந்தரை. சாமி தட்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். ஏறுகிற மாதிரி அவர் என்ன சாப்பிட்டார்? கூழும் காயும்தானே? அதுவும் இப்போதெல்லாம் அந்தக் கூழ் ரொம்ப ருசியாக இருந்தது. ஒரு பேரீச்சம்பழம் போட்டு அரைக்கிறேன், டாக்டரைக் கேட்டுத்தான் என்றிருந்தாள் நவமணி. பட்டினி கிடக்கிறவன் நாக்குக்கு அப்படித்தான் தோன்றும் போல என்று அவரும் வழித்து வழித்துக் குடித்தார். உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும் என்று ஒருநாள் பாராட்டக்கூட செய்தார். அவள் சிரிக்கவில்லை.

ஆகவே அவர் தராசைச் சந்தேகப்பட்டார். அவருக்குத் தெரிந்த முறை அதுதானே. தராசைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் பஸ்ஸில் கொடவுனுக்குப் போனார். இருபது கிலோ இரும்பு எடைக்கற்கள் நான்கு அங்கே இருந்தன, முத்திரை குத்தியவை. அய்யாக்கண்ணு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தான். நான்காவது கல் ஏறியதும் முள் எண்பதில் போய் அப்படியே நின்றது. கற்களை இறக்கினார்கள், முள் பூஜ்யத்துக்கு வந்தது. மறுபடி அடுக்கினார்கள், மறுபடி எண்பது. தராசில் ஒரு நூல் பிசகில்லை.

பழனியப்பன் அந்த எடைக்கற்களின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தான் போய்ச் சேரவேண்டிய இடம் கருப்பாக, அடுக்காகக் கண் முன்னால் நின்றது. ஏழு வாரம்தான் இருந்தது.

தராசு சரி, காகிதமும் சரி, எடை மட்டும் இடித்தால் கொடவுனில் என்ன செய்வார்கள்? லோரியைத் திறந்து பார்ப்பார்கள். பக்கப் பலகைக்குக் கீழே, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடுவார்கள். இதை நினைத்ததும் பழனியப்பன் தராசைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். ஏனென்றால் திறந்து பார்க்க இங்கே ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அது அவருடைய சொந்த அடுக்களை.

அன்று சாயங்காலம் வீட்டில் யாருமில்லை. மூத்த மகள் ஈப்போவில் நர்ஸ் படிப்பில் இருந்தாள், இளையவள் டியூசனுக்குப் போயிருந்தாள். வள்ளியம்மா வேலையில் இருந்தாள், நவமணி ஆஸ்பத்திரியில். அவர் அடுக்களை அலமாரியில் ஒன்றும் பெரிதாகக் காணவில்லை. அலுத்துப்போய் பால்கனிக்கு வந்து நின்றார். அங்கே நவமணி மிளகாய் நாற்று வளர்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிப்பால் டின்களைக் காலி செய்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி நட்டிருந்தாள். எண்ணுவது கிராணி புத்தி. பதினொன்று இருந்தன.

மே நடுவில் அங்கே இரண்டு டின்தான் இருந்தன. இளையவள் மைலோவில் கலப்பாள், மாதத்துக்கு ஒரு டின் போனால் பெரிது. நவமணிக்குப் பால் ஆகாது. வள்ளியம்மா கேண்டீனில் குடிக்கிறாள். அப்படியென்றால் ஆறு வாரத்தில் கூடிய ஒன்பது டின்னில் ஒன்றிரண்டு போக மிச்சக் கெட்டிப்பால் எந்த வயிற்றுக்குள் போனது? பழனியப்பன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கூழின் ருசி அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? கொளுத்தும் வெயிலில் நடந்தது, ஐந்து மாடி ஏறியது, நாசி கண்டார் வாசனைக்கு மூக்கைப் பொத்தியது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து கோபத்தை ஏற்றின. நவமணி வந்து சேர்ந்தபோது அவர் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெஷினிலிருந்து வரும் நாட்களில் அவள் முகம் வெளுத்து, கை சில்லிட்டுப் போயிருக்கும். அவளைப் பார்த்ததும் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதி தொலைந்து போயின.

"நவமணி, தராசு சரியா இருக்கு" என்றார். "கொடவுன்ல கல்லு வச்சுப் பாத்துட்டேன்."

அவள் பையை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பால்கனிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மறுக்கவில்லை. பாலோடு வேர்க்கடலைப் பொடியும் போட்டதை, காயில் எண்ணெய் கூட்டியதை எல்லாம் அவளே சொன்னாள். மே மாதம் அவர் எண்பத்தைந்துக்கு வந்தபோதுதான், அண்ணன் சொன்னதைச் செய்துவிடுவார் என்று அவளுக்குப் பயம் பிடித்ததாம். எங்கே வெட்டுவார்கள், எப்படித் தைப்பார்கள் என்று வார்டில் ஒவ்வொருவராக விசாரித்திருக்கிறாள். அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அண்ணி முகத்தையும் இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் எப்படி நான் சோறு தின்பது என்று கேட்டாள்.

"வேணாம்னு நான் சொன்னா நீங்க யாரும் கேக்கமாட்டீங்க. எண்பத்தொண்ணுல நின்னீங்கன்னா போதும்னு நெனச்சேன். யாரும் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லவேணாம். தராசே சொல்லிடும்ல."

இருபத்திரண்டு வருஷத்தில் தராசை ஏமாற்றினவர்கள் எத்தனையோ பேரைப் பழனியப்பன் பிடித்திருக்கிறார். எல்லாரும் தங்களுக்கு ஏதாவது மிஞ்சட்டும் என்று செய்தவர்கள். தனக்கு மிஞ்சக்கூடாது என்று செய்த ஆளை இப்போதுதான் பார்க்கிறார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"இந்தத் தேதி போனா அடுத்த தேதிக்கு நிப்பேன்" என்றார். "அதுவும் போனா அதுக்கு அடுத்ததுக்கு. எத்தனை டின்னு பால் ஊத்துவே? நீ இல்லாத வீட்டுல நான் தொண்ணூறு கிலோவோட உக்காந்துகிட்டு என்ன செய்யப் போறேன், சொல்லு."

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்குப் பயமா இல்லையாண்ணே என்று கேட்டாள்.

"பயமாத்தான் இருக்கு. அதுக்காக?"

வாக்குக் கொடு, சத்தியம் பண்ணு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. நாளையிலிருந்து நான் ஏறுகிறேன், முள்ளை நீ படி என்று மட்டும் சொன்னார். நவமணி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணனின் கொடவுன் சட்டங்கள் அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவர் தராசில் ஏறி, முகத்தைச் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டார். நவமணி குனிந்து பார்த்து, எண்பத்தஞ்சரை என்றாள். பிறகு சிவப்புப் பேனாவால் காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதினாள். காலைக் கூழ் வந்தது. ஒரு வாய் வைத்தார். சப்பென்று, மண்ணைக் கரைத்த மாதிரி இருந்தது. பழனியப்பன் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாக எதையும் குடித்ததில்லை.

அய்யாக்கண்ணுவிடம் ஒருநாள் வாய்தவறி இதைச் சொல்லிவிட்டார். அவன் ஃபோர்க்லிப்டை நிறுத்தியேவிட்டான்.

"என்னண்ணே இது. சரக்குக்காரன் கையிலயே முள்ளைக் கொடுத்துட்டீங்களே. எண்பத்தி மூணை எழுபத்தொன்பதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்கன்னா, கேஎல் போயில்ல முழிப்பீங்க?"

அவன் சொன்னது நியாயம்தான். அந்த நினைப்பு பழனியப்பனுக்கு வராமலா இருந்தது? பெல்ட் ஓட்டை சொல்லிவிடாதா என்றால், அரைக்கிலோவும் ஒரு கிலோவும் பெல்ட்டுக்குத் தெரியாது, கடைசியில் விஷயம் அரைக்கிலோவில்தான் நிற்கும். மேடைத் தராசு பத்தடி தூரத்தில் இருந்தது. ஒரு தடவை ஏறினால் உண்மை தெரிந்துவிடும். ஏழு வாரமும் தினம் பத்து தடவை அதைக் கடந்து போனார், ஒரு தடவைகூட ஏறவில்லை. ஏறினால் தங்கையை நிறுத்துப் பார்த்த மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார், மழையிலும் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஜூலைக் கடைசியில் நவமணி மூன்று நாள் சேர்ந்தாற்போல் எண்பத்திரண்டு என்றே படித்தாள். மூன்றாம் நாள் பேனாவை மூடிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி பேக்டரியில கொடுத்த பிஸ்கட் டின்னைத் தொட்டீங்களா?"

தொட்டிருந்தார். இரண்டுதான் என்றார். அவள் பார்வை மாறவில்லை. சரி, நாலு என்றார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் பார்க்கிற பார்வை பார்த்துவிட்டு, பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். மத்தியான கேரியரில் வழக்கமாக மூன்று தட்டுக் காய் இருக்கும், அன்று இரண்டுதான் இருந்தது. பழனியப்பன் அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். அன்றைக்கு மேடைத் தராசைக் கடந்து போனது அத்தனை கஷ்டமாக இல்லை.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலை. பட்டர்வொர்த்திலிருந்து பகல் ரயில், அதற்கு வள்ளியம்மா லீவு போட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பழனியப்பன் நீலக் கைலியோடு கடைசித் தடவையாக ஏறினார். அது இப்போது இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தது. முகத்தைக் காலண்டர் பக்கம் திருப்பினார். மறுநாள் தேதியைச் சுற்றி எப்போதோ போட்ட வட்டம் கண்ணில் பட்டது.

நவமணி குனிந்தாள். வழக்கமாக உடனே சொல்லிவிடுவாள், அன்று சொல்லவில்லை. பழனியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முள்ளில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எழுபத்தொன்பது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவர் நிம்மதியாக ரயிலில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பார், நாளைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் மே மாதத்திலிருந்து விரும்பியதெல்லாம் அவள் வாயிலேயே இருந்தது.

"எண்பது" என்றாள். "அதுக்கு மேல ஒரு கோடு இருக்குண்ணே."

ஒரு கோடு என்றால் அரைக்கிலோ. எண்பதுக்கு உள்ளே என்று சந்தேகமில்லாமல் வரவேண்டுமென்றால் இன்னும் ஒரு கிலோ. வள்ளியம்மா பெட்டியை விட்டுவிட்டு வந்து நின்றாள். பழனியப்பன் தராசிலிருந்து இறங்கவும் தோன்றாமல் நின்றார்.

நவமணிதான் அசைந்தாள். பேனாவை மூடி வைத்தாள். வாசலுக்குப் போய்த் தன் செருப்பை மாட்டினாள்.

"கெளம்ப இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. நிக்காதீங்க, சட்டையைப் போடுங்க. நடப்போம்."

அவளால் நடக்க முடியாது, பயணத்துக்காக ஒருநாள் முன்னதாக, முதல் நாள்தான் மெஷினில் படுத்துவிட்டு வந்திருந்தாள். படி இறங்கவே அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கீழே பஸ் நிற்குமிடத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவரைப் போகச் சொன்னாள். பழனியப்பன் அடுக்குமாடிகளைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு சுற்றிலும் பெஞ்சைக் கடக்கும்போது அவள் விரலை மடக்கி எத்தனை என்று காட்டினாள். ஏழாவது சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது, நடையைத் தளர்த்தினார். இன்னும் மூணு என்று கை காட்டினாள். பிறகு ரயிலில் அவர் பங்குத் தண்ணீர்ப் புட்டியையும் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஈப்போவில் அரைக் கொய்யாவும் தஞ்சோங் மாலிமில் நாலு மிடறு தண்ணீரும் அளந்து கொடுத்தாள். எனக்குப் பழக்கம், உங்களால ஒருநாள் தாங்கமுடியாதா என்றாள். அவர் தாங்கினார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ஓர் இளம் தமிழ் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். சுவரோரமாக உயரமான தராசு நின்றது. பழனியப்பன் அதைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார், முள் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏழு வாரப் பழக்கம், முகம் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

நர்ஸ் அட்டையில் பெயரைச் சரிபார்த்துவிட்டுக் குனிவதற்குள், பெஞ்சில் இருந்த நவமணி எழுந்து வந்துவிட்டாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முள்ளின்மேல் குனிந்தாள். ஒரு கையால் தராசின் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"எழுபத்தொன்பதரை. எழுதிக்குங்க மிஸ்ஸி."

நர்ஸும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். பழனியப்பன் இறங்கிச் சப்பாத்தைத் தேடினார். முள்ளை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.